ஜெயில் வாசலில் உட்கார்ந்திருந்த வக்கீலுக்கு

அன்புள்ள ஃபின்ச் ஐயா,

ஜெம்மும் ஸ்கவுட்டும் உங்களை அட்டிகஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெற்ற அப்பாவை! எனக்கு அது வாயில் வரவில்லை, ஐயா என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஹார்ப்பர் லீ எழுதி 1960-ல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். உங்கள் பேச்சு வந்தாலே எல்லோரும் கோர்ட் காட்சிக்குத்தான் போகிறார்கள். சினிமாவில் கிரிகரி பெக் உங்களாக நடித்து ஆஸ்கர் வாங்கியதும் காரணமாக இருக்கலாம். மேயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை அடித்துக் கெடுத்ததாகப் பழி சுமந்த கறுப்பன் டாம் ராபின்சனுக்காக வாதாடினீர்கள். அவளுக்கு அடி விழுந்தது முகத்தின் வலது பக்கத்தில், டாமின் இடது கையோ சின்ன வயதிலேயே பஞ்சு மெஷினில் மாட்டிச் சூம்பிப்போனது, அவளுடைய அப்பன் இடது கைக்காரன் என்பதை அவனையே கையெழுத்துப் போட வைத்துக் காட்டிவிட்டீர்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் தொழில் தெரிந்த வேறொரு வக்கீலும் அதைச் செய்திருப்பார்.

நான் உங்களிடம் விழுந்தது விசாரணைக்கு முந்தின நாள் ராத்திரி, டாமை அடைத்திருந்த ஜெயில் வாசலில். ஆபீசிலிருந்து தூக்கிவந்த நாற்காலி, நீள ஒயரில் தொங்கும் ஒரு பல்பு, கையில் செய்தித்தாள். வெறிநாயை ஒரே குண்டில் சாய்த்தவர், அன்றைக்குத் துப்பாக்கி எடுத்து வரவில்லை. நாலு கார் வந்து நிற்கிறது, டாமைக் கொல்ல இழுத்துப்போக வந்த ஆட்கள். அதுவரைக்கும் நிதானமாகத்தான் இருந்தீர்கள். திடீரென்று இருட்டிலிருந்து ஸ்கவுட் ஓடிவந்து நிற்கிறாள், பின்னாலேயே ஜெம். நீங்கள் கிழவனைப்போல மெதுவாக எழுந்து, பேப்பரை மடிப்புக் கலையாமல் கீழே வைக்கிறீர்கள், அந்த விரல்கள் லேசாக நடுங்குகின்றன. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் ஐயா. நானாக இருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்திருப்பேன். நீங்கள் வாசலை விட்டு நகரவில்லை.

ஒரு கோபமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். தைரியம் என்றால் என்ன என்று ஜெம்முக்குக் காட்ட, மார்ஃபின் பழக்கத்தை விட்டுவிட்டுத்தான் சாவேன் என்று நின்ற டூபோஸ் கிழவியைக் காட்டினீர்கள். வைராக்கியம்தான், சரி. ஆனால் நீங்கள் கறுப்பருக்காக வாதாடுவதை வாய்க்கு வந்தபடி ஏசியவள் அவள். டாமை ஏன் காட்டவில்லை? அத்தனை வெள்ளை முகங்களுக்கு முன்னால், அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருந்தது, அதனால்தான் உதவினேன் என்று உள்ளதைச் சொன்னானே. ஒரு கறுப்பன் வெள்ளைக்காரிமேல் இரக்கப்படுவதா! அந்த ஒரு வாக்கியம் அவனுக்கு எமனாகிவிட்டது. தோற்ற பிறகு உங்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது. சிறையிலிருந்து தப்பி ஓடப் பார்த்த அவன் உடம்பில் 17 குண்டுகள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். தீர்ப்பு முடிந்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தீர்கள். மேலே பால்கனியில் கறுப்பர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், அப்பா போகிறார், எழுந்திரம்மா என்று சைக்ஸ் பாதிரியார் ஸ்கவுட்டையும் எழுப்பினார். நீங்கள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர்கள் நிற்பது தெரியவில்லையா, இல்லை, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லையா?

இப்படிக்கு,
உங்களைவிடப் பயந்த ஒரு அப்பா