ஐந்து பேர் மட்டும் போதுமா, மாப்ள?

கேரி, நார்த் கரோலினா
15 ஏப்ரல் 2023

அன்புள்ள மாப்ள,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்களுக்கு நிம்மதி. ஃபிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று சொல். வலிக்கிறது என்று அவர் சாக்குச் சொல்வார், நீ கேட்காதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பைன் மகரந்தம் கொட்டும் மாதம், தெரியுமே, காரைத் தொட்டால் கையெல்லாம் மஞ்சள். பெரியவன் லேர்னர் பெர்மிட் வாங்கிவிட்டான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்தே எனக்கு வலது கால் போய்விடும் போலிருக்கிறது.

"கரோலினா என்ன ஆச்சு? பெயரையே காணோமே" என்று நம் நார்த் கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். மாப்ள, அதை நீ கேட்டிருக்கக் கூடாது. இப்போது முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

சீசன் தொடங்கும் முன் நாட்டிலேயே முதல் இடம் கொடுத்தார்கள். போன வருஷம் இறுதிப் போட்டி வரை போன ஐந்து பேரில் நாலு பேர் திரும்பி வந்திருந்தார்கள்: கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக், ஆர்மண்டோ பேகாட். வேறு யாருக்கு அந்த இடத்தைக் கொடுப்பார்கள்? டிசம்பர் முதல் வாரம் முடிவதற்குள் தொடர்ந்து நாலு தோல்வி. அயோவா ஸ்டேட், அலபாமா, இண்டியானா, வர்ஜீனியா டெக். தரவரிசைப் பட்டியலிலிருந்தே பெயர் போய்விட்டது. கடைசியில் 20 வெற்றி, 13 தோல்வி. டியூக்கிடம் இரண்டு முறையும் தோற்றோம், பிட்ஸ்பர்க்கிடமும் இரண்டு முறை. தேசியக் கோப்பைக்கான மார்ச் போட்டிக்கு அழைப்பே இல்லை. 1985ல் அந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்தபிறகு, சீசன் தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்து உள்ளேயே போகாத முதல் அணி நாம்தான். அதற்கு அடுத்த படியான என்ஐடி போட்டியிலும் ஆடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆடியிருக்கலாம். மாற்று ஆளாகப் பெஞ்சில் இருந்த சின்னப் பையன்களுக்காவது நாலு ஆட்டம் கிடைத்திருக்கும்.

அந்தப் பெஞ்சைப் பற்றித்தான் எனக்குக் கோபமே. இந்த வருஷம் திடீரென்று என்னவோ கெட்டுப்போனது என்று ஆபீஸில் எல்லோரும் பேசுகிறார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. 2022 பிப்ரவரியிலும் இதே அணிதான். நடுவில் வந்த ஒரு மார்ச் மாதம் நம் கண்ணை மறைத்துவிட்டது.

யோசித்துப் பார். அந்த வருஷம் கென்டக்கி 98-69, மயாமி 85-57, வேக் ஃபாரஸ்ட் 98-76 என்று நம்மை வரிசையாக அடித்துப் போட்டார்கள். பிப்ரவரி நடுவில் சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 76-67 என்று தோல்வி. அன்றிரவு உனக்கு நான் அனுப்பிய வாட்ஸாப்பில் எழுதக்கூடாத வார்த்தைகளெல்லாம் இருந்தன. டாசன் கார்சியா குடும்பக் காரணத்துக்காக மினசோட்டா போய்விட்டான். ஆன்டனி ஹாரிசும் ஜனவரியோடு சரி. மிச்சம் இருந்தது அந்த ஐந்து பேர். அந்த ஐவர் மார்ச் 5 அன்று டியூக்கின் கேமரன் அரங்கத்துக்குப் போய், அவர்கள் கோச் ஷஷெஃப்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், அத்தனை பழைய ஆட்டக்காரர்களும் கூடியிருந்த சபையில், 94-81 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். நாலு பேர் தலைக்கு இருபதும் அதற்கு மேலும் போட்டார்கள். அப்புறம் 'அயர்ன் ஃபைவ்', இரும்பு ஐவர், என்று பெயர் வைத்து நாமே கொண்டாட ஆரம்பித்தோம். வேறு ஆள் இல்லை என்பதற்கு அப்படி ஒரு கம்பீரமான பெயர்.

ஆனால் அந்த மார்ச் போட்டியில் பெய்லரோடு ஆடிய ஆட்டத்தை மறக்காதே. 25 பாயிண்ட் முன்னால் இருந்தோம். ஐவரில் ஒருத்தனான பிரேடி மானெக் முழங்கையை வீசி வெளியேற்றப்பட்டான். அவ்வளவுதான், அந்த 25ம் கரைந்து ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. லவ்வும் ஐந்து ஃபவுலில் வெளியே. ஆர்.ஜே. முப்பது போட்டதால் பிழைத்தோம், 93-86. ஒரே ஒரு ஆளை எடுத்தால் அணி என்ன ஆகும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஜெயித்ததால் யாரும் பேசவில்லை.

இறுதிப் போட்டி அன்று உனக்குச் செவ்வாய்க்கிழமை விடிகாலை, ஆபீஸுக்கு லேட் என்று சொல்லிவிட்டுப் பார்த்தாயே. பாதி ஆட்டத்தில் கன்சாஸை விட 40-25 என்று முன்னால். அதற்குப் பிறகு நடந்தது நினைவிருக்கும், 72-69 என்று தோற்றோம். இறுதிப் போட்டி வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய பின்னடைவிலிருந்து யாரும் ஜெயித்ததில்லை. பேகாட் அரையிறுதியிலேயே கணுக்கால் பிசகிய காலோடு ஆடினான், 15 பாயிண்ட், 15 ரீபவுண்ட், கடைசி நிமிடத்தில் அதே கால் மறுபடி மடங்கியது. லவ் 24 ஷாட் எறிந்து ஐந்தைப் போட்டான். ஆர்.ஜே. 17க்கு ஐந்து. பெஞ்சிலிருந்து வந்து பாயிண்ட் எடுத்தவன் பஃப் ஜான்சன் ஒருத்தன்தான். 11 பாயிண்ட் போட்டு, வயிற்றில் அடிபட்டு மைதானத்திலேயே வாந்தி எடுத்து, அதற்குமேல் என்ன செய்வான்? எதிர்ப்பக்கம் கன்சாஸுக்கு ரெமி மார்ட்டின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 14 போட்டான்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இருபது வயசுப் பையன்கள், நாற்பது நிமிட ஆட்டம், நாலு நிமிடத்துக்கு ஒரு முறை டிவி விளம்பரத்துக்கு நிறுத்துகிறார்கள், இதில் என்ன களைப்பு என்பாய். கல்லூரி டீமில் ஆடியவன், உன்னோடு நான் வாதாட முடியாது. மார்ச் வந்தால் எல்லா கோச்சும் ஏழு பேருக்குள்தான் சுருங்குகிறார்கள் என்பதும் சரி. நான் சொல்வது மூச்சைப் பற்றி இல்லை. இருபத்து நாலுக்கு ஐந்து போடுகிற ராத்திரி எவனுக்கும் வரும். அன்றைக்கு அவனை உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டாமா? உட்கார வைக்க முடியாது என்று தெரிந்த பையன் எறிந்துகொண்டேதான் இருப்பான். போன நவம்பரில் அலபாமாவோடு நாலு ஓவர்டைம் போய் 103-101 என்று தோற்றோமே, அதில் லவ் 36 ஷாட் எறிந்தான். முப்பத்தாறு! சீசன் முழுக்க அவன் எறிந்த த்ரீ, அதாவது தூரத்திலிருந்து எறிகிற மூன்று பாயிண்ட் ஷாட், நூற்றுக்கு முப்பது கூட உள்ளே போகவில்லை. பையனைத் திட்டி என்ன பிரயோஜனம்? போன வருஷம் இதே தைரியத்துக்குத்தான் கைதட்டினோம். அரையிறுதியில் டியூக்கை முடித்து வைத்த த்ரீ அவனுடையது.

மானெக் போன இடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸ் வந்தான். நல்ல ஆட்டக்காரன், நல்ல உயரம். ஆனால் மானெக் நூற்றுக்கு நாற்பது த்ரீ போட்டவன். அவனுக்குப் பயந்து எதிரணி வெளியே வந்து நின்றதால்தான் உள்ளே பேகாட்டுக்கு இடம் கிடைத்தது. இந்த வருஷம் எல்லோரும் பேகாட் மேல் வந்து விழுந்தார்கள். ஜனவரியில் வர்ஜீனியாவில் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவன் கணுக்கால் மறுபடி போனது. ஒரு பந்தியையே ஐந்து பேர் பரிமாறுகிற கல்யாண வீட்டில் ஒருத்தர் காய்ச்சலில் படுத்த கதைதான்.

என்னை நிஜமாகவே உறுத்துவது இன்னொன்று. இந்த அணியின் கோச் ஹியூபர்ட் டேவிஸ் 1988லிருந்து 92 வரை இதே கரோலினாவில் அப்போதைய கோச் டீன் ஸ்மித்திடம் ஆடியவர். ஸ்மித் முதல் பாதியில் இரண்டாம் வரிசை ஐந்து பேரையும் மொத்தமாக உள்ளே அனுப்புவார், 'ப்ளூ டீம்' என்று அதற்குப் பெயரே உண்டு. களைத்துப் போன பையன் கை முஷ்டியை உயர்த்திக் காட்டினால் உடனே வெளியே எடுப்பார், ஓய்வு போதும் என்றால் அவனே திரும்ப உள்ளே போகலாம். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கிடையாது. 2005ல் ராய் வில்லியம்ஸ் கோச்சாக இருந்து கோப்பை ஜெயித்த கரோலினா அணியில் மார்வின் வில்லியம்ஸ் ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐந்தில் இறங்கியதில்லை. இல்லினாயுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் பந்தைத் தட்டி உள்ளே போட்டவன் அவன்தான். அந்த ஜூனிலேயே தொழில்முறை லீகான என்பிஏவின் தேர்வில் நாட்டுக்கே இரண்டாவதாகப் போனான். இந்த வீட்டுப் பழக்கம் அது. அங்கே வளர்ந்தவரே அதை விட்டுவிட்டார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, அவர் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்வின் காலத்தில் பெஞ்சில் இருப்பவன் பொறுமையாக இருந்தான். வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது. 2021ல் அதைத் தளர்த்தி, முதல் முறை மாறுபவன் அடுத்த சீசனே ஆடலாம் என்றார்கள். அதே வருஷம் ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள் என்று எவனிடம் சொல்ல முடியும்? வாக்கர் கெஸ்லர் இங்கே ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம்கூடக் கிடைக்காமல் ஆபர்ன் போனான், அடுத்த வருஷமே நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரன் விருது. கெர்வின் வால்டன் முதல் வருஷம் நூற்றுக்கு 42 த்ரீ போட்ட பையன். ஹியூபர்ட் டேவிஸ் கோச்சாக வந்ததும் பெஞ்சின் ஓரத்துக்குப் போய், அப்புறம் டெக்சாஸ் டெக். வெளியிலிருந்து பந்தை உள்ளே போட ஆள் இல்லாமல் நாம் தவித்த வருஷத்தில் அவன் அங்கே இருந்தான்.

ஆடவிடாததால் போகிறார்கள். போய்விட்டதால் இருக்கிற ஐந்து பேரே ஆடுகிறார்கள். அதைப் பார்த்து அடுத்தவனும் பெட்டியைக் கட்டுகிறான். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, நவம்பரில் சின்ன அணிகளோடு ஆடும்போது இரண்டு மூன்று ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை என்று அந்தப் பையன்களை உள்ளே அனுப்புவது. முதலிடம் என்று ஊரே மாலை போட்டபிறகு எந்த கோச்சுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

இந்த வருஷம் கோப்பையை எடுத்தது கனெக்டிகட். ஏப்ரல் 3 அன்று சான் டியேகோ ஸ்டேட்டை 76-59 என்று முடித்தார்கள். ஆறு ஆட்டத்தில் ஒன்றில்கூட 13 பாயிண்ட்டுக்குக் குறைந்து ஜெயிக்கவில்லை. அவர்களுடைய பெரிய ஆட்டக்காரன் சனோகோ உட்கார்ந்தால் க்ளிங்கன் வருகிறான், ஏழடி இரண்டு அங்குலம், முதல் வருஷப் பையன், ஆட்டத்துக்குப் பதின்மூன்று நிமிடம்தான். அந்தப் பதின்மூன்று நிமிடமும் எதிரணிக்கு மூச்சு விட இடமில்லை. பொறாமையில் நான் டிவியை அணைத்துவிட்டேன். பெரியவன் திரும்பப் போட்டான்.

இங்கே இப்போது வீடு காலி. லவ் கிளம்பிவிட்டான். டோன்ட்ரெஸ் ஸ்டைல்ஸ், பஃப் ஜான்சன், டிமார்கோ டன், டைலர் நிக்கல் எல்லோரும் போகிறார்கள். பிளாக்குக்கும் நான்ஸுக்கும் படிப்புக் காலம் முடிந்தது. பேகாட் இன்னொரு வருஷம் இருப்பதாகச் சொல்லிவிட்டான், அது ஒன்றுதான் நல்ல செய்தி. ஸ்டைல்ஸ் போனதில் எனக்கு வருத்தம். பெய்லர் ஆட்டத்து ஓவர்டைமில் உள்ளே வந்து த்ரீ போட்டானே, அந்தப் பையன். அப்புறம் ஒரு வருஷம் அவனைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நவம்பரில் யார் யாரோ புது முகங்களோடு இறங்குவார்கள். சீசன் டிக்கெட் பற்றி வீட்டில் சண்டை நடக்கிறது. பெரியவன் வேண்டும் என்கிறான், அம்மாவும் பையனும் ஒரே கட்சி. முதல் ஆட்டத்தில் எட்டாவது ஆளாக ஒருத்தன் இடைவேளைக்குள் இறங்கினால் பணம் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடும் என்கிறான், அவன் கணக்கும் தப்பில்லை.

கோவையில் இந்த வருஷம் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆட்டங்களுக்குப் போனால் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று விவரமாக எழுது. பாங்க் அணிகளில் யாரெல்லாம் புதிதாக வந்திருக்கிறார்கள்? உன் பெண் ஸ்கூல் டீமில் சேர்ந்ததைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு விட்டாயே, எந்த இடத்தில் ஆடுகிறாள், எத்தனை நிமிடம் விடுகிறார்கள்?

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்