டெப் கணினிகளை ஏற்பதா? நண்பருக்கு ஒரு மறுமொழி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. கனடாவிலுள்ள பழைய மாணவர்கள் உம்முடைய பாடசாலைக்கு டெப் கணினிகளும் ஸ்மார்ட் போர்டு என்னும் தொடுதிரைப் பலகை ஒன்றும் வாங்கித்தர முன்வந்திருப்பதையும், அதை ஏற்பதா, அந்தப் பணத்தை வேறெதற்காவது கேட்பதா என்பதில் ஆசிரியர்கள் இரண்டு பட்டு நிற்பதையும் எழுதி, என் எண்ணத்தைக் கேட்டிருந்தீர். ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாலும், வீட்டில் பேர்த்தி சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருப்பதாலும், இந்தக் கேள்வியிலிருந்து எனக்கும் தப்ப வழியில்லை. முழங்கால் நோவைப் பற்றி விசாரித்திருந்தீர். மாடிப்படியைத் தவிர மற்றதெல்லாம் ஏறலாம்.

இங்கே பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் போனைக் கொடுக்கலாம் என்பதுதான். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். இரண்டு முதல் நான்கு வயது வரை திரைக்கு முன் இருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனால் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைக்கு மணிக்கணக்கு எதையும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பிள்ளை செய்யவேண்டிய வேலையில் எந்தப் பங்கைக் கருவி தன் கையில் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். நாம் படித்த காலத்து மடக்கை அட்டவணையும் ஒரு கருவிதானே! நீண்ட பெருக்கலை அது எடுத்துக்கொண்டது. அதற்கு அடிப்படையான சுட்டி (அடுக்கு) விதிகளை விளங்கிக்கொள்ளும் வேலையை நம்மிடமே விட்டுவிட்டது.

இனி ஒரே போனில் நான் கண்ட இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். பேர்த்தி ஒரு கேத்திரகணித நிறுவலைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டாள். காரணங்கள் சகிதம் நிறுவல் வரிசையாக வந்து விழுந்தது. அதை அழகான கையெழுத்தில் கொப்பியில் இறக்கினாள். இரண்டாவது வரியில் கையை வைத்து, இந்த இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்கள் என்று எதைக் கொண்டு சொல்கிறாய், எந்த இரண்டு கோடுகள் சமாந்தரம் என்று கேட்டேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுவலில் தவறேதும் இல்லை; அது அவளுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் அதே போனில் ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளில் ஒரு வட்டத்தையும் நாணையும் வரைந்து, பரிதியில் ஒரு புள்ளியை வைத்து, நாண் அந்தப் புள்ளியில் எதிரமைக்கும் கோணத்தை அளக்கச் செய்து, புள்ளியை விரலால் இழுக்கச் சொன்னேன். இழுக்க இழுக்க 52 பாகை 52 பாகையாகவே நின்றது. நாணின் முனையைத் தாண்டி மறுபக்கம் போனதும் சட்டென்று 128 ஆயிற்று. திரும்பக் கொண்டுவந்தாள், மறுபடி 52. “ஏன் தாத்தா இது மாறேல்லை?” என்று அவளாகவே கேட்டாள். ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமம் என்னும் தேற்றத்தைக் கரும்பலகையில் எத்தனையோ வகுப்புகளுக்கு நிறுவிக் காட்டியிருக்கிறேன். நிறுவலுக்கு முன்னே அந்த ‘ஏன்’ எந்தப் பிள்ளையின் வாயிலிருந்தும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அதன் பிறகு தாளும் பென்சிலும் எடுத்து, மையத்தோடு இணைத்து, நிறுவலை அவளே எழுதினாள்.

இது என் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. துருக்கியில் ஏறக்குறைய 1000 உயர்நிலை மாணவர்களைக் கொண்டு கணிதத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2025இல் வெளியாகியது. கேட்டதற்கெல்லாம் நேராக விடை தரும் செயற்கை நுண்ணறிவைப் பாவித்த பிள்ளைகள் பயிற்சியில் அது இல்லாமல் செய்தவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோதோ, அதைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். ஆசிரியர்களின் உதவியோடு, விடையைச் சொல்லாமல் குறிப்பை மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு வடிவத்தைப் பாவித்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை.

பதிவு செய்த ரியூசன் வகுப்புகளையும் நீர் கேட்டிருந்தீர். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கும், ஒரு தடவை சொன்னால் பிடிபடாத பிள்ளைக்கும் அவை நல்ல உதவி. காலி வீதியில் பேருந்துக்கு நிற்கும் நேரமும் மிச்சம். ஆனால் அதையே இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ‘பாடம் முடிந்தது’ என்று சொல்லும் பையன்களும் என்னிடம் வருகிறார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நடந்ததை நீர் என்னைவிட நன்றாக அறிவீர்: ஆசிரியர் குறிப்பைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்ப, பிள்ளை அதைப் பார்த்து எழுத, எழுதியதைப் படமெடுத்துத் திரும்ப அனுப்ப, அதற்குப் பெயர் இணையவழிக் கல்வி என்றாயிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் இருந்த வீட்டில் அதுவும் கிடைக்கவில்லை. 2022இல் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது.

உம்முடைய டெப் கணினிகளுக்கு வருகிறேன். பெரு நாட்டில் அரசு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கிராமப்புறப் பாடசாலைகளில் அதை அளந்து பார்த்தவர்கள், கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதாகக் காணவில்லை. டில்லியிலோ, பாடசாலைக்குப் பிறகு பிள்ளைகள் வந்து படிக்கும் நிலையங்களில், மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருள் நாலரை மாதத்திலேயே கணக்கிலும் ஹிந்தியிலும் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டியது. அங்கே வந்த பிள்ளைகளில் பலர் தங்கள் வகுப்புக்குப் பல படிகள் பின்தங்கியிருந்தவர்கள். மென்பொருள் ஒவ்வொருவரும் உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பயிற்சி கொடுத்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் தனியாகச் செய்யமுடியாத வேலை அது. அப்படியொரு வேலைக்கென்றால் டெப் கணினிக்குக் கதவைத் திறக்கலாம்.

ஆகையால் வேண்டாம் என்று எழுதிவிடாதேயும். முதலில், அதில் என்ன பாடம் இருக்கும் என்று கேளும். தமிழ்நாட்டுக் காணொளிகளை நிரப்பிக் கொடுத்தால், நம் பிள்ளைகள் அட்சரகணிதம் என்று படிப்பதை அங்கே இயற்கணிதம் என்பார்கள், பாடத்திட்டமும் வேறு. இணையம் இல்லாத நாளிலும் வேலை செய்யுமா, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பதை வகுப்பாசிரியருக்குக் காட்டுமா, பழுதானால் யார் பார்ப்பது என்றெல்லாம் கேட்காமல் ஒப்புக்கொண்டால், பெட்டிகள் அதிபர் அறையின் அலுமாரியில்தான் இருக்கும். ஸ்மார்ட் போர்டை நான் கேட்கமாட்டேன். அந்தப் பணத்தில் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குத் தராசும் வெப்பமானிகளும் வாங்கலாம். உமது இளம் ஆசிரியர்கள் இதற்காக என்மேல் கோபப்படக்கூடும்.

கனடாவுக்கு எழுதுமுன், ஆறாம் தரத்துப் பின்னக் கணக்கு விடைத்தாள்கள் சிலவற்றைப் பெயரை மறைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடும். பிள்ளைகள் எந்த இடத்தில் பிழைவிடுகிறார்கள் என்று பார்த்து, எந்த வகைப் பயிற்சி தேவை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். உமது கடிதத்தோடு அதையும் இணைத்துக்கொள்ளலாம்.

வீட்டார் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லும்.

உமது பழைய நண்பன்