மணிக்கணக்கா, வேலை நாளா?

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த சூட்டோடு எஸ்எல்ஏ (எந்தச் சேவையை எவ்வளவு நேரத்துக்குள் தருவோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் ஒப்பந்தம்) எழுதும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களா! இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புகாருக்குப் பதில் தரும் கெடுவை '8 மணி நேரம்' என்று போடுவதா, 'ஒரு வேலை நாள்' என்று போடுவதா? சாதாரணக் கோரிக்கை என்றால் வேலை நாள்தான் என்பேன்.

அலுவலகம் 9 முதல் 5 வரை என்று வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு டிக்கெட், அதாவது பதிவான புகார், வருகிறது. கடிகாரம் ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடும். திங்கள் காலை மறுபடி ஓடத் தொடங்கி, மாலை 4 மணிக்குத்தான் எட்டைத் தொடும். உங்கள் கணக்கு சரிதான். ஆனால் புகார் அனுப்பியவர், "எட்டு மணி நேரம் என்றீர்களே" என்று சனிக்கிழமை காலையிலேயே போன் போடுவார். '24 மணி நேரம்' இன்னும் வம்பு. அவர் நாளைக்குள் என்று நினைப்பார். உங்கள் கணக்கில் அது மூன்று வேலை நாள். கெடுவுக்குள் பதில் கொடுத்தும் கெட்ட பேர்!

வேலை நாள் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. புகார் வந்த நாள் கணக்கில் உண்டா, இல்லையா? பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: கோரிக்கை கிடைத்த நாளுக்கு அடுத்து வரும் இருபதாவது வேலை நாளுக்குள். நீயும் 'அடுத்த வேலை நாள் முடிவதற்குள்' என்று எழுது. காலை 9 மணிக்கு வந்த டிக்கெட்டுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்தான், கிடைக்கட்டும். யாருடைய விடுமுறைப் பட்டியல், எந்த ஊர் நேரப்படி ஐந்து மணி என்பதையும் சேர்த்துவிடு. இரண்டு நாடுகளில் அலுவலகம் இருந்தால் சண்டை அங்கேதான் வரும்.

சர்வர் படுத்துவிட்டால் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம். அதற்கு மணி, நிமிஷம்தான், ஞாயிறும் சேர்த்தி. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்பு விதியிலும் தனிநபர் தகவல் கசிந்தது தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்திடம் சொல்லச் சொல்கிறார்கள், வேலை நாள் கணக்கில்லை. கசிந்த தகவல் வார விடுமுறை எடுத்துக்கொள்ளுமா என்ன?

உன் மேலாளருக்கு மணிக்கணக்கில்தான் ரிப்போர்ட் வேண்டுமென்றால் உள்ளுக்குள் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மணிக்கெடுவை வைத்து ஆட்களை விரட்டினால் என்ன ஆகும் தெரியுமா? டிக்கெட் சிவப்பாக மாறப் பத்து நிமிஷம் இருக்கும்போது "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி தட்டிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். நாள் கணக்கிலும் இது அடியோடு ஒழியாது. எதைப் பதில் என்று எடுத்துக்கொள்வது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு.

அப்புறம், சில சாஃப்ட்வேரில் '1 நாள்' என்று கொடுத்தால் 24 மணி நேரமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளி மாலையில் ஒரு பொய் டிக்கெட் போட்டு, கெடு எந்தத் தேதி என்று காட்டுகிறது பார். வரைவு தயாரானதும் அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனா