ரன் படுத்தும் பாடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் முடிந்து நீயே கைப்பட எழுதும் அளவுக்குத் தேறிவிட்டாய், நிம்மதி. எனக்கு முட்டிவலி ஒன்றுதான், மற்றபடி குறையில்லை.

பேத்திக்கு இங்கிலீஷ் சொல்லித்தர உட்கார்ந்து ‘ரன்’னில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தாய். மூன்றெழுத்துதானே என்று நினைத்தாயாக்கும்! ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்களையே அது பாடாய்ப் படுத்தியிருக்கிறது. பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆனதாம். கடைசியில் தேறிய பொருள்கள் 645. பெயர்ச்சொல்லாக வருவது தனிக் கணக்கு. நம் கிரிக்கெட் ரன் அந்தப் பக்கம்.

அதற்கு முன் ‘செட்’தான் ராஜா. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள், விளக்கம் மட்டும் 60,000 சொற்கள். சூரியன் மறைவது, ஜெல்லி உறைவது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் செட்தான். ஆனாலும் அது ஒரு இடத்தில் அடங்கி உட்காருகிற சொல். மில், ரயில், மோட்டார் என்று வந்து கம்ப்யூட்டர் புரோகிராம் வரைக்கும் எல்லாமே ‘ரன்’ ஆகத் தொடங்கியதும் செட் பின்தங்கிவிட்டது என்பது என் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ஒரே சொல்லால் சமாளிக்கிற இடத்தில் நமக்கு ஆளுக்கொரு வினை வேண்டியிருக்கிறது. மூக்கு ஒழுகும், சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும், குழாயைத் திறந்துவிடுவோம். கடையை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் நிதானமாக நடத்துகிறோம். தேர்தலுக்கு அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள். வெள்ளைக்காரன் இங்கிலாந்தில் நிற்கிறான், நாமும் அவனோடு நிற்கிறோம்.

அதற்காக நம் ‘ஓடு’ இளைத்தது என்று நினைக்காதே. படம் நூறு நாள் ஓடும், வியாபாரம் ஓடும், கவலை வந்தால் வேலை ஓடாது. வீட்டுக்குத் தெரியாமல் ஜோடி ஓடிப்போவது மட்டும் இரண்டு மொழிக்கும் பொது! இதற்கு நடுவே கூரை ஓடு, நத்தை ஓடு, திருவோடு என்று சம்பந்தமே இல்லாத உறவுக்காரர்கள் வேறு.

பேத்தியைப் பட்டியல் போட்டு உருப்போட வைக்காதே, பாவம். ‘ரன்’னுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கச் சொல். ‘அவுட்’ வந்தால் சர்க்கரை தீர்ந்துபோச்சு, ‘இன்டூ’ வந்தால் யாரையோ எதிர்பாராமல் சந்தித்தாச்சு, ‘ஓவர்’ வந்தால் யார்மீதோ வண்டி ஏறிவிட்டது. கதைப்புத்தகத்தில் கண்ணில் படும்போதெல்லாம் வாக்கியத்தோடு எழுதி வைக்கட்டும்.

சின்னவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உன் பக்கத்தில் நல்ல இடம் இருந்தால் தெரியப்படுத்து. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

அன்புடன்,
சுந்தரம்