பஞ்சர் விவாதம்: உறுப்பினர்கள் கவனத்துக்கு

வணக்கம். டியூப்லெஸ் டயர் பஞ்சரானால் பிளக் (துளையில் செருகும் ரப்பர் திரி) மட்டும் போதுமா என்ற பேச்சு சூடாகி, கடைசியில் டயரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். போனது வசவு மட்டும்தான், கருத்துகள் அப்படியே இருக்கின்றன.

டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து குத்தி ஏற்றும் பிளக், வீடு போய்ச் சேர உதவும். அதை நிரந்தர ரிப்பேர் என்று புதியவர்களிடம் சொல்லாதீர்கள். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைப் பார்த்து, துளையையும் அடைத்து உள்ளே பேட்சும் ஒட்டுவதுதான் முறையான வேலை. ஏன் கழற்ற வேண்டும்? காற்று இறங்கிய டயரில் ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி நசுங்கும். உள்ளே இழைகள் பலவீனமாகியிருந்தாலும் வெளியே தெரியாது. மறுபடி காற்றடிக்கும்போதே வெடிக்கக்கூடும். கார் டயரில் துளை 6 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, பக்கச்சுவரிலோ தோள்பகுதியிலோ (சாலையில் படும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் இடம்) இருந்தாலோ டயரை மாற்றிவிடுங்கள்.

பிளக்கிலேயே வருடக்கணக்கில் ஓட்டுவதாகச் சொன்ன நண்பர் பொய் சொல்லவில்லை. அப்படி ஓடும் டயர்களும் உண்டு. எது ஓடும், எது ஓடாது என்பது வெளியிலிருந்து தெரியாது என்பதுதான் சிக்கல். அதை அவரிடம் சொல்லுங்கள். 'அறிவில்லையா' என்று கேட்டால் அவர் குழுவை விட்டுப் போவார், டயரை மாற்ற மாட்டார். (வாய்ஸ் நோட்டில் திட்டினாலும் திட்டு திட்டுதான்.)

படம் போடுபவர்கள் துளை எந்த இடத்தில் இருக்கிறது என்று புரிய, துளையோடு டயரின் விளிம்பும் தெரியும்படி எடுங்கள். விளிம்பு தெரியாத படத்துக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

– குழு நிர்வாகி