பறந்தது அரை மணி, போய்ச் சேர்ந்தது மாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'திருச்சியிலிருந்து ஒரே மணி நேரத்தில் யாழ்ப்பாணம்' என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியை என் மனைவி கத்தரித்து வைத்திருந்தார். மகளை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கொடுத்திருக்கிறோம். போன மாதம் புறப்பட்டபோது, "ஒரு மணி நேரத்துக்குக் கட்டுச்சோறு எதற்கு?" என்று இட்லிப் பொட்டலத்தைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டு வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய்.

நான் நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் சங்கிலி பிடித்தவன். தூரம் என்றால் கை தானாக அளவுகோலைத் தேடும். திருச்சிக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கி.மீ. அந்தச் சிறிய ஏடிஆர் விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம்! கால அட்டவணையில் போட்டிருப்பதோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை அவர்கள் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வட்டமடித்து இறங்க வேண்டும். என் கைக்கடிகாரப்படி சக்கரம் தரையைத் தொடாமல் இருந்தது 35 நிமிடம்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டைப் பூட்டியபோது காலை மணி 9. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்லியிருந்தார்கள். பெட்டிக்கு ஒரு வரிசை, குடியகல்வுக்கு ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை. உள்ளே தேநீர் விலையைப் பார்த்ததும் என் மனைவி கடைப் பக்கமே திரும்பவில்லை. விமானம் கடலுக்கு மேலே போனபோது அவருக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்த்துவிட்டது. பக்கத்து இருக்கை அம்மையார் சுருக்குப்பையிலிருந்து நாலு புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுத்ததால் தப்பித்தோம். பலாலியில் இறங்கி, முத்திரை குத்தி, பெட்டி எடுத்து, சம்பந்தி வீட்டுப் படலையைத் திறந்தபோது மாலை 3.40. இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கடிகார முள்ளைத் திருப்பிச் சமாளிக்கவும் வழியில்லை. மொத்தம் 6 மணி 40 நிமிடம்.

விமானத்தைக் குறை சொல்லவில்லை. முன்பு ஒருமுறை கொழும்பு வழியாகப் போய், கட்டுநாயக்காவிலிருந்து இராப் பயணமாக வடக்கே பஸ்ஸில் குலுங்கியவர்கள் நாங்கள். அதற்கு இது சொர்க்கம். 1947 டிசம்பரிலேயே இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்ததைச் சம்பந்தி பெருமையோடு சொன்னார்.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, 'மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும்' என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சிடுங்கள். திரும்பி வரும்போது என் மனைவி மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
ஸ்ரீரங்கம்.