கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள், கொஞ்சம் வடக்கேயும் வாருங்கள்

சென்னை தினத்துக்கு ஊர் சுற்றிக்காட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22 நெருங்கினாலே உங்கள் அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. மயிலாப்பூர் மாட வீதி, சாந்தோம், திருவல்லிக்கேணி, அப்புறம் கோட்டை. மிஞ்சிப்போனால் ஆர்மீனியன் தெரு சர்ச். அதோடு பஸ் ஏறிவிடுகிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன் நான், எனக்கு ஆதங்கம் இருக்கத்தானே செய்யும்?

1639இல் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள், சரி. கோட்டைக்குள் இருந்தவர்கள் எதை விற்றுப் பிழைத்தார்கள்? துணி. அதை நெய்தவன், வெளுத்தவன், கப்பலுக்குத் தூக்கிப் போனவன், இரண்டு பக்கமும் மொழி பெயர்த்து விலை பேசிக் கொடுத்த துபாஷி எல்லாரும் கோட்டைக்கு வெளியேதான் இருந்தார்கள். வண்ணாரப்பேட்டை என்று ஒரு பேட்டை இருப்பதே அந்த வியாபாரத்தால்தான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை வையுங்கள்.

எந்தச் சுவர் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டையை ஒட்டி நம் சனம் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்தது, 1758இல் திரும்ப வந்து முற்றுகை போட்டது என்று பட்ட அடியெல்லாம் சேர்ந்து, ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு எதிரே வீடே இருக்கக்கூடாது, பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்றைக்கு ஹைகோர்ட் நிற்பது அந்த வெட்டவெளியில்தான். இதைத் தாண்டிக் கட்டக்கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்னும் நிற்கிறது, தினம் ஆயிரக்கணக்கான பேர் அதைக் கடந்துதான் பஸ் பிடிக்கிறார்கள். துரத்தப்பட்ட சனம் வடக்கே போய் ஊர் கட்டிக்கொண்டது. ஹைதர் அலி வந்து மிரட்டிய பிறகு, 1770 வாக்கில் அந்தப் புது ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். செலவுக்கு மக்களிடமே வரி கேட்டார்கள், அது கடைசிவரை வசூலாகவில்லை. ஆனால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் வடக்கே ஓடும் வால்டாக்ஸ் (சுவர் வரி) ரோட்டுக்குப் பெயர் நின்றுவிட்டது. கட்டாத வரிக்கு ஒரு ரோடு, எங்கள் ஏரியாவுக்குப் பொருத்தம்தான்!

அந்தச் சுவரில் மிஞ்சிய துண்டு பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் இருக்கிறது, அதன் மேலேதான் மாடிப் பூங்கா. பாரிமுனைத் தூணில் ஆரம்பித்து, வால்டாக்ஸ் ரோடு வழியாக மாடிப் பூங்கா வரை நடந்தால், ஒரு பட்டணம் எப்படிப் பிறந்தது என்று காலாலேயே புரிந்துவிடும். வழியில் ஏழு கிணறு. கோட்டைக்குத் தண்ணீர் போனது அங்கிருந்துதான், வள்ளலார் வாழ்ந்த வீடும் அந்தப் பக்கம்தான்.

தெம்பிருப்பவர்களை ராயபுரம் ஸ்டேஷனுக்கும் கூட்டிப் போங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் அப்போது கிடையாது. இதைச் சொன்னால் தெற்குச் சென்னைக்காரர்கள் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி நெசவு மில்லுக்கு வேறொரு நாள் வேண்டும். 1918இல் திரு.வி.க.வும் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார்கள். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பார்க்க ஒன்றுமில்லையே என்பீர்கள். மயிலாப்பூரில் இல்லாமல் போன கோயிலைப் பற்றி ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேசுகிறவர்கள் நீங்கள், இதற்கும் அதைச் செய்யலாம்.

பாதுகாப்பு, ட்ராஃபிக் என்று காரணம் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வால்டாக்ஸ் ரோட்டில் லாரி குறைவு. மெட்ரோ வண்ணாரப்பேட்டை தாண்டி விம்கோ நகர் வரை ஓடுகிறது. கதை சொல்ல வெளியிலிருந்து ஆள் கூட்டி வராதீர்கள், தெருவுக்கு ஒரு பெரியவர் இங்கேயே இருக்கிறார், மைக் மட்டும் கொடுங்கள். இன்னொரு நாள் சாயங்காலம் வந்தால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற நூடுல்ஸ் சாப்பிடலாம், பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது, அதுவும் இந்த ஊர் வரலாறுதான்.

தேதியைச் சொல்லுங்கள், பாரிமுனைத் தூண் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்